ஆறு மாசமாக என்னோடு இருக்கும் பிபி மெஷின்: ஒரு திருப்பூர் லைன் சூப்பர்வைசரின் அனுபவம்

வாங்கியது, மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கிற டிஜிட்டல் பிபி மெஷின். விலை 1,950 ரூபாய். வாங்கிய இடம் எங்கள் வீதி முனை மெடிக்கல். கம்பெனிப் பேரைச் சொல்லப் போவதில்லை. கீழே கொஞ்சம் குறை எழுதப் போகிறேன். அதில் பாதி மெஷினுடையது, மீதி என்னுடையது. எது யாருடையது என்று பிரித்தெடுக்கவே எனக்கு ரெண்டு மாசம் ஆயிற்று.

அஞ்சுக்கு நாலு ஸ்டார். ஒரு ஸ்டார் ஏன் போச்சு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட வருகிற பட்டை சின்னது. 22 முதல் 32 சென்டிமீட்டர் வரை சுற்றளவுள்ள கைக்குத்தான் சரிவரும். எங்கள் அயர்ன் மாஸ்டருக்குக் கட்டினால் ஒட்டுப்பட்டை பாதியில் 'பர்ர்' என்று பிரிந்து, திரையில் தப்பு என்று காட்டுகிற ஆங்கில 'E' எழுத்து வருகிறது. இழுத்துப் பிடித்துக் கட்டினால் நம்பர் வரும், ஆனால் கூடுதலாக வரும். சின்னப் பட்டை பெரிய கையில் எப்போதும் பிரஷரை ஏற்றித்தான் காட்டும். பெரிய பட்டை தனியாக 600 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வாங்கும்போதே இஞ்ச் டேப்பை எடுத்து மேல்கையின் நடுவில் ஒரு சுற்று அளந்துகொண்டு போங்கள். பனியன் கம்பெனியில் இருந்துகொண்டு எனக்கே அது தோன்றவில்லை.

இனி கதைக்கு வருகிறேன். என் லைனில் 34 பேர். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்று தையல் மெஷின் ஓட்டுகிறவர்கள், கைமடிக்கிற பிள்ளைகள், செக்கிங் எல்லாம் சேர்த்து. காலையில் எட்டரைக்கு மெஷின் ஓடினால் ஒன்றரை ஷிப்ட் முடிய ராத்திரி எட்டரை. "எனக்கு ஒரே பிரஷருங்க" என்று ஒரு நாளைக்கு நாலு தடவை யாரிடமாவது சொல்வேன். அந்தப் பிரஷரும் டாக்டர் பார்க்கிற பிரஷரும் ஒரே வார்த்தை, அவ்வளவுதான் சம்பந்தம் என்று நினைத்திருந்தேன்.

வயிற்று எரிச்சலுக்கு மருந்து வாங்கப் போன இடத்தில் டாக்டர் சும்மா பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு 164க்கு 102 என்றார். எனக்கு வயசு 47. தலை சுற்றவில்லை, ஒன்றுமில்லை. "ஒரு தடவை பாத்துட்டு மாத்திரை எழுத மாட்டேன். ஆஸ்பத்திரி வாசப்படி மிதிச்சாலே சில பேருக்கு ஏறிக்கும். வீட்ல ஒரு மெஷின் வாங்கி ஏழு நாள் காலையிலும் சாயங்காலமும் ரெண்டு ரெண்டு தடவை பாத்து எழுதிட்டு வாங்க" என்றார். ஆஸ்பத்திரியில் பார்த்தால் 140க்கு 90 எல்லை, வீட்டில் பார்த்தால் 135க்கு 85 எல்லை என்று சீட்டின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தார்.

முதல் வாரம் மெஷின் பைத்தியம் மாதிரி காட்டியது. 171, அடுத்து 139, மறுநாள் 158. சனிக்கிழமை சம்பளம் போட்ட கையோடு மெஷினைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு மெடிக்கலுக்குப் போய், "ஓட்டை மெஷினைக் குடுத்துட்டீங்க" என்று சத்தம் போட்டேன். அங்கே வேலை பார்க்கிற தம்பி பதிலுக்குச் சத்தம் போடவில்லை. "எப்படி உக்காந்து பாத்தீங்ண்ணா?" என்று மட்டும் கேட்டான். கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு, டீ குடித்து முடித்த கையோடு, சட்டைக்கை மேலேயே பட்டையைக் கட்டி, டிவியில் நியூஸ் பார்த்தபடி, வீட்டுக்காரியோடு வாக்குவாதம் செய்துகொண்டே பார்த்தேன் என்று சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது.

டாக்டர் ரப்பர் பந்தை அமுக்கி, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பாரே, அந்த முறையை 1905இல் கொரோட்கோவ் என்கிற ரஷ்ய டாக்டர் சொல்லி வைத்தார். இந்த மெஷின் எதையும் கேட்பதில்லை. பட்டையில் காற்று இறங்க இறங்க, ரத்தக்குழாய் துடிக்கிற அதிர்வு அந்தக் காற்றில் தெரியும். அதைப் பிடித்துத்தான் கணக்குப் போடுகிறது. கையை ஆட்டினால் கணக்குக் குழம்பும். பேசினால் பிரஷரே ஏறிவிடும். கால்மேல் கால் போட்டாலும் ஏறும், கை நெஞ்சு மட்டத்துக்குக் கீழே தொங்கினாலும் ஏறும், ஒன்றுக்கு அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் ஏறும். டீ, காபி, பீடி எதுவானாலும் அரை மணி நேரம் போகட்டும். முதுகைச் சாய்த்து, பாதம் ரெண்டும் தரையில் பட, அஞ்சு நிமிஷம் வாயை மூடி உட்கார்ந்துவிட்டுத்தான் பட்டனை அமுக்க வேண்டும். இவ்வளவும் கூட வந்த புத்தகத்தில் இருக்கிறது. தமிழிலும் இருக்கிறது, எறும்பு எழுத்தில். இது குறை நம்பர் ரெண்டு.

ஒழுங்காக உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்ததும் 140க்கும் 150க்கும் நடுவில் நின்றது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், அடுத்த மாசம் ஒரு சின்ன மாத்திரையும் எழுதினார். இதோடு முடிந்திருந்தால் இந்த விமர்சனமே வேண்டியதில்லை.

ஒரு வியாழக்கிழமை. 6,000 பீஸ் ஆர்டர், ரவுண்ட் நெக் டீ ஷர்ட். சரக்கு வாங்குகிற பையர் தரப்பில் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் பேக்கிங் ஆன பெட்டிகளிலிருந்து 200 பீஸ் உருவினார். இந்த அளவு லாட்டுக்கு, எத்தனை டேமேஜ் வரை ஏற்கலாம் என்று சொல்கிற ஏக்யூஎல் அட்டவணையில் 2.5 கணக்குப்படி, பெரிய டேமேஜ் 10 வரை விடுவார்கள். 11 ஆனால் மொத்த லாட்டும் ஃபெயில். எங்களுக்கு 13. அதில் ஒன்பது, அடிமடிப்பில் பேட்லாக் தையல் விட்டுப்போனது. ஆறாயிரத்தையும் பெட்டி பிரித்து மறுபடி செக்கிங். ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சண்டைசர் தம்பி, என் மகன் வயசு இருக்கும், 34 பேர் முன்னால் வைத்து என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டேன். அன்று ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து, குளித்து, அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து, எல்லா விதியையும் மதித்துப் பார்த்தேன். 161க்கு 99. நாடித்துடிப்பு 96.

"ஏனுங்க, இன்னைக்கு யாரோடயாவது சண்டையா?" என்றாள் வீட்டுக்காரி.

"இல்லவே இல்லை. வாயே தொறக்கலை" என்றேன். எனக்கு அதில் பெருமை.

மகள் கோயம்புத்தூரில் சைக்காலஜி ரெண்டாம் வருஷம் படிக்கிறாள். அந்த நேரம் பார்த்து போன் பண்ணினாள். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்பா, நீங்க கோவத்தை அடக்கலை. மூஞ்சியைத்தான் அடக்கியிருக்கீங்க" என்றாள். ரெண்டும் ஒன்றுதானே என்று கேட்டேன். அதற்கு அவள் முக்கால் மணி நேரம் பதில் சொன்னாள். கல்லூரிக்குக் கட்டிய பணம் ஒரே ராத்திரியில் வசூல்.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் கிராஸ் என்று ஒரு பேராசிரியர். கோபமோ வருத்தமோ வரும்போது அதைக் கையாள மனுஷனுக்கு ரெண்டு வழி இருக்கிறது என்பது அவர் கணக்கு. ஒன்று, கொதிப்பதற்கு முன்னாலேயே விஷயத்தை வேறு மாதிரி பார்ப்பது. இன்னொன்று, கொதித்த பிறகு மூடியைப் போட்டு அமுக்குவது. 1993இல் அவரும் லெவன்சன் என்கிறவரும் ஆட்களுக்கு அருவருப்பான ஆபரேஷன் படத்தைப் போட்டுக் காட்டி, ஒரு பகுதியினரிடம் மட்டும் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்றார்களாம். முகம் அடங்கியது. அருவருப்பு குறையவில்லை. விரலில் வியர்வை கூடியது, ரத்தக்குழாய் இறுகியது.

"சரி, என் உடம்புக்குத்தானே கேடு, போகட்டும்" என்றேன்.

"அங்கதான் இருக்குது அப்பா" என்று அடுத்ததைச் சொன்னாள். 2003இல் வந்த ஆராய்ச்சி. ஒருவரை ஒருவர் தெரியாத பெண்களை ஜோடி ஜோடியாக உட்காரவைத்து, ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சுக்குப் பிறகு எடுத்த படத்தைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேச வேண்டும். ஜோடியில் ஒருத்தியிடம் மட்டும் ரகசியமாக, மனசில் இருப்பதை வெளியே காட்டாதே என்று சொல்லிவைத்தார்கள். மற்றவளுக்கு அது தெரியாது. பேச்சு நடக்கும்போது அந்த ஒன்றும் தெரியாத மற்றவளுக்கு பிரஷர் ஏறியது. இவளோடு இன்னொரு தடவை பேசலாம், பழகலாம் என்கிற எண்ணமும் குறைந்தது.

போனை வைத்த பிறகு எனக்கு நினைப்பு போனது மெர்ச்சண்டைசர் மேல் அல்ல. பேட்லாக் அக்கா மேல். என்னைவிட நாலு வயசு சின்னவர்தான், ஆனால் லைனில் எல்லாருக்கும் அவர் அக்கா, எனக்கும். பதினெட்டு வருஷம் பேட்லாக்கில் உட்கார்ந்தவர். தையல் விட்டுப்போவது அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

மறுநாள் டீ டைமில் போய்க் கேட்டேன். கையில் பன்னோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"செவ்வாக்கிழமையே தெரியுமுங்ண்ணா. கொக்கி நூல் வாங்கலை, தையல் விடுது. பீஸைக் கையில எடுத்துட்டு உங்ககிட்ட வந்தேன். நீங்க போன் பேசிட்டு நின்னீங்க. வெச்சதும் சொல்லலாம்னு நின்னேன். உங்க மூஞ்சியைப் பாத்தேன். அப்புறம் பேசிக்கலாம்னு போயிட்டேன்."

"நான் திட்டவே இல்லையே அக்கா?"

"திட்டியிருந்தாப் பரவால்லீங்ண்ணா. திட்டுனா என்ன கோவம்னு தெரியும். நீங்க சும்மா நின்னீங்க."

மெக்கானிக்கைக் கூப்பிட்டு லூப்பர் என்கிற அந்தக் கொக்கியைச் சரி பண்ண ஆகிற நேரம் கால் மணி. அந்தக் கால் மணியை மிச்சம் பிடித்து, ஆறாயிரம் பீஸைப் பெட்டி பிரித்தோம்.

மகள் அடுத்த வாரம் வீட்டுக்கு வந்தபோது இன்னொன்றையும் சொன்னாள், இதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உடம்பில் டென்ஷனை வேண்டுமென்றே கிளப்பி அளக்க ஜெர்மனியில் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் ஒரு பரீட்சை செய்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் உலகம் பூரா அதைத்தான் பயன்படுத்துகிறார்களாம். ஆளை நிறுத்தி அஞ்சு நிமிஷம் தன்னைப் பற்றிப் பேசச் சொல்வார்கள், வேலைக்கு இன்டர்வியூ மாதிரி. அப்புறம் அஞ்சு நிமிஷம் 1022இலிருந்து 13, 13 ஆகக் கழிக்கச் சொல்வார்கள். தப்பு விட்டால் மறுபடி முதலிலிருந்து. ஆட்டோ சத்தத்துக்கு நடுவில் வாசலில் நின்று நானும் முயன்றேன். 1022, 1009, 996, 983, அதற்கு மேல் நாக்கு சுருண்டது.

ஆனால் அந்தப் பரீட்சையில் ஆளை வதைப்பது கணக்கு மட்டும் இல்லை. எதிரே வெள்ளைக் கோட்டு போட்ட நடுவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். தலையாட்ட மாட்டார்கள், சிரிக்க மாட்டார்கள், முறைக்கவும் மாட்டார்கள். முகத்தில் ஒன்றுமே காட்டக் கூடாது என்று அவர்களுக்குப் பயிற்சி. டென்ஷன் வந்ததும் அட்ரினலின் என்கிற சுரப்பு சில நொடியிலேயே ரத்தத்தில் பாய்ந்துவிடும். கார்ட்டிசால் என்கிற இன்னொன்று மூளை சொல்லி, சிறுநீரகத்துக்கு மேலே தொப்பி மாதிரி இருக்கிற சுரப்பியிலிருந்து நிதானமாகக் கிளம்பி, இருபது முப்பது நிமிஷம் கழித்து எச்சிலில் உச்சிக்குப் போகும். அதாவது திட்டு வாங்கி முடித்து, டீ குடித்து, எல்லாம் அடங்கிவிட்டது என்று நினைக்கிற நேரத்தில்தான் அது உச்சத்தில் இருக்கிறது.

34 பேருக்கு நான் அந்த நடுவர். பொறுமையாக இருக்கிறேன் என்று நினைத்து நான் போட்டுக்கொண்ட மூஞ்சி அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் வெள்ளைக் கோட்டு மூஞ்சி.

இனி மறுபடி மெஷினுக்கு. மெஷினைக் கம்பெனிக்கே கொண்டுபோக ஆரம்பித்தேன். முதலுதவிப் பெட்டி இருக்கிற மேஜையில் இடம். இங்கேதான் மூன்றாவது குறை. மெமரி 60 வரை சேமிக்கிறது, தேதியும் மணியும் போடுகிறது. ஆனால் அந்த நேரம் என்ன நடந்தது என்று குறித்து வைக்க வழியில்லை. 152க்கு 94 என்று மட்டும் பார்த்தால் நாளைக்கு எனக்கே புரியாது. அதனால் கட்டு எண்ணுகிற ஒரு பழைய நோட்டில் எழுதினேன். 'கட்டிங்ல ஷேடு மாறி வந்தது, மாஸ்டர்கிட்ட ஒண்ணும் சொல்லலை, 154/95.' 'டார்கெட் கூட்டுனாங்க, முடியாதுன்னு சொன்னேன், ஓனர் கத்துனார், நானும் கத்துனேன், 149/92.' 'கரண்ட் போச்சு, சும்மா இருந்தோம், 131/82.' கரண்ட் போன நாளில்தான் எனக்கு மிகச் சிறந்த ரீடிங். மின்வாரியத்துக்கு நன்றி.

இதை ஆராய்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே ஆள், ஒரே மெஷின், நடுவில் மாத்திரை வேறு ஆரம்பித்தது, ஊறுகாய் வேறு நிறுத்தினேன். கத்தினாலும் எனக்கு ஏறத்தான் செய்தது என்பதை நோட்டே சொல்கிறது. ஆகவே கத்துங்கள், மனசு லேசாகும் என்று நான் சொல்ல வரவில்லை. ரெண்டு மாச நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கத்தின நாளில் ராத்திரிக்குள் இறங்கிவிட்டது. கல்லு மாதிரி நின்ற நாளில் ராத்திரியும் இறங்கவில்லை, மறுநாள் காலையிலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சொல்லாமல் விட்டதைக் கட்டிலில் படுத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா, அதுவாக இருக்கலாம்.

மகள் சொன்னதில் ரெண்டை முயன்று பார்த்தேன். ஒன்று, வாயைத் திறந்து பேர் சொல்வது. 'எனக்கு இப்ப கோவமா இருக்கு' என்று வார்த்தையில் சொல்லிவிடுவது. படத்தில் இருக்கிற முகத்தைப் பார்த்து அதில் தெரிகிற உணர்ச்சிக்கு வார்த்தையில் பேர் சொன்னாலே மூளையில் அபாயமணி அடிக்கிற அமிக்டலா என்கிற இடம் கொஞ்சம் அடங்குவதை 2007இல் ஸ்கேன் எடுத்துக் காட்டியிருக்கிறார்களாம். முதல் தடவை லைனுக்கு முன்னால் நின்று, "எனக்கு இப்பக் கடுங்கோவம் இருக்கு. உங்க மேல இல்லை, கண்டெய்னர் நாளைக்கே போகணும்கிறதால. ஒரு பத்து நிமிஷம் என்கிட்ட வராதீங்க, அப்புறம் வாங்க" என்றேன். கைமடிக்கிற பிள்ளைகள் குசுகுசுவென்று சிரித்தார்கள். பத்து நிமிஷம் கழித்து மூன்று பேர் மூன்று பிரச்சனையோடு வந்து நின்றார்கள். அவ்வளவு பிரச்சனையும் அதுவரை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, வேறு மாதிரி பார்ப்பது. இது கஷ்டம். மெர்ச்சண்டைசர் தம்பி எகிறும்போது, இவனுக்குப் பின்னால் ஒரு பையர் போனில் இருக்கிறான், அந்த பையருக்குப் பின்னால் ஒரு கடைக்காரன் இருக்கிறான் என்று யோசிக்க வேண்டும். அவன் கத்தி முடித்த பிறகு யோசித்தால் பிரயோஜனமில்லை, கேட்டில் வண்டி நுழையும்போதே யோசித்துவிட வேண்டும். பத்துத் தடவையில் நாலு தடவை எனக்கு வந்தது. மீதி ஆறு தடவை கம்ப்ரெசர் ரூம் பக்கம் போய் நின்று மூச்சை நீளமாக விட்டுக்கொண்டிருந்தேன், நிமிஷத்துக்கு ஆறு மூச்சுக் கணக்கில். அந்தச் சத்தத்தில் நான் என்ன முணுமுணுத்தாலும் யாருக்கும் கேட்காது என்பது கூடுதல் வசதி.

இந்த 'வேறு மாதிரி பார்ப்பது' மேல் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். 1982இல் ஜெர்மனியில் ஆரம்பித்த ஒரு பண விளையாட்டு இருக்கிறது. ஒருவன் கையில் நூறு ரூபாய். எதிராளிக்கு எவ்வளவு தருகிறேன் என்று அவன் சொல்ல வேண்டும். எதிராளி சரி என்றால் அப்படியே பிரித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் ரெண்டு பேருக்கும் ஒன்றுமில்லை. இருபது ரூபாய் தருகிறேன் என்றால் நிறையப் பேர் மூஞ்சியில் விட்டெறிந்துவிடுவார்கள். இருபது ரூபாய் நஷ்டம்தான், ஆனாலும். மகள் இதை ஏதோ புதுசு மாதிரி சொன்னாள். திருப்பூரில் பீஸ் ரேட் பேசின யாருக்கும் இது தெரியும். காலர் வைத்த டீ ஷர்ட்டுக்கு ரேட் குறைத்துச் சொன்ன காண்ட்ராக்டரிடம், "அந்தக் கூலிக்கு நாங்க வீட்லயே இருந்துக்கறமுங்க" என்று ஒரு லைனே டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதை நான் பார்த்திருக்கிறேன். ரெண்டு பக்கமும் அன்றைக்கு ஒரு பைசா இல்லை. மறுநாள் ரேட் ஏறியது.

இதே விளையாட்டை ஆடும்போது விஷயத்தை வேறு மாதிரி பார்க்கச் சொல்லிக் கொடுத்தால், குறைந்த பங்கையும் ஆட்கள் ஏற்றுக்கொள்வது கூடுகிறது என்று 2010இல் கண்டுபிடித்திருக்கிறார்களாம். சும்மா முகத்தை அடக்கச் சொன்னதில் அந்த மாற்றம் இல்லை.

"அப்போ இதை எங்க ஆளுகளுக்குச் சொல்லிக் குடுத்தா யாருக்கு லாபம் சாமி?" என்று கேட்டேன். மகள் யோசித்தாள். பதில் சொல்லவில்லை. அதனால் ஊசியும் நூலும் கண்டெய்னரும் சம்பந்தப்பட்ட கோபத்துக்கு நான் வேறு மாதிரி பார்க்கிறேன். கூலி சம்பந்தப்பட்ட கோபத்தை நேராகவே பார்த்துக்கொள்கிறேன். அங்கே 150 ஏறினால் ஏறட்டும்.

மகள் ரெண்டு வாரம் தன் கைப்பட்டை வாட்ச்சையும் எனக்குக் கொடுத்திருந்தாள், அது 'ஸ்ட்ரெஸ்' என்று ஒரு நம்பர் காட்டும். நாடித்துடிப்பின் இடைவெளி கூடிக் குறைவதை வைத்துக் கணிக்கிறது. மூட்டை தூக்கினாலும் ஸ்ட்ரெஸ், மாடிப்படி ஏறினாலும் ஸ்ட்ரெஸ், காதலியோடு பேசினாலும் ஸ்ட்ரெஸ் என்று சொல்லும் போலிருக்கிறது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். பிபி மெஷின் அந்த வகையில் அடக்கமானது. தனக்குத் தெரிந்த மூன்று நம்பரைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

மெஷின் கம்பெனிக்கு வந்ததிலிருந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரிசை. முதலில் செக்கிங் அக்காக்கள், அப்புறம் வாட்ச்மேன் அய்யா, கடைசியில் அயர்ன் மாஸ்டர், பெரிய பட்டையோடு. ஒருத்தருக்கு ரெண்டு நாள் பார்த்தும் ரொம்ப அதிகமாக இருந்ததால் அன்றைக்கே ஈஎஸ்ஐக்கு அனுப்பினோம். அயர்ன் மாஸ்டரின் அம்மாவுக்கு ஊரில் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறதாம், "எங்கம்மாவுக்கு இருக்குது, எனக்கெல்லாம் வராதுங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினார். வந்திருந்தது.

இவ்வளவு பேர் பார்த்ததில் நாலு பென்சில் பேட்டரியும் ஒரு மாசத்தில் தீர்ந்துவிட்டன. பேட்டரி இறங்க ஆரம்பித்தால் பட்டை பாதி ஏறி நின்றுவிடுகிறது. அடாப்டர் தனியாகத்தான் வாங்க வேண்டும், பெட்டியில் வைப்பதில்லை. ஒட்டுப்பட்டை ஆறு மாசத்தில் நூல் பிரிய ஆரம்பித்தது, அதைச் சிங்கரில் கொடுத்து ரெண்டு ஓட்டு ஓட்டிக்கொண்டேன். உங்களுக்கு அந்த வசதி இருக்காது. வாரண்டி கார்டில் கடை சீல் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள், என்னுடையதில் இல்லை, சண்டை போட்டுவிட்டு வந்த கடைக்கு மறுபடி போகக் கூச்சமாக இருந்து, போன வாரம்தான் போய்ப் போட்டேன். அந்தத் தம்பி ஒன்றும் ஞாபகம் வைத்திருக்கவில்லை.

போன புதன்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, நானே பட்டையைக் கட்டி, அஞ்சு நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டு பட்டனை அமுக்கினேன். காற்று ஏற ஆரம்பித்த நேரம் பேட்லாக் அக்கா வந்து நின்றார். நான் வாயைத் திறக்கப் போனேன்.

"பேசாதீங்ண்ணா, மெஷின் ஓடுது" என்றார். என்னிடம் கற்றுக்கொண்டதுதான்.

அப்புறம் அவர் பேசினார். புது நூல் தரம் சரியில்லை, மணிக்கு மூன்று தடவை அறுகிறது. பக்கத்துச் சீட்டுப் பிள்ளைக்கு ஜுரம், லீவு கேட்கப் பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை அவர் பையனுக்கு ஸ்கூலில் மீட்டிங், மதியத்துக்கு மேல் போக வேண்டும். எல்லாவற்றையும் வரிசையாக, அவசரமில்லாமல் சொன்னார். பட்டை என் கையை இறுக்கிப் பிடித்திருந்தது. தலையை ஆட்டினால் ரீடிங் கெடும் என்று புருவத்தை மட்டும் உயர்த்தினேன். அவர் அதைப் பார்த்து, "ஆமாங்ண்ணா, அந்த ரோஸ் கலர் நூல்தான்" என்று மேலே சொன்னார்.

காற்று இறங்கியது. திரையில் நம்பர் நின்றது.

"எவ்வளவுங்ண்ணா?"

"நூத்தி முப்பத்திநாலு, எண்பத்திநாலு."

"அப்ப வெள்ளிக்கிழமை போய்க்கறனுங்" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைக் கழுவப் போனார்.